மலைக்குக் குடிபெயர்வோர்க்கு

(கொல்லிமலையின் அடியிலுள்ள ஊரொன்றில், தமிழ் இளையோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

நகர வாழ்க்கையை உதறிவிட்டு மலைமேற் சென்று, நிலம் வாங்கி, வீடு கட்டி, உண்பதைத் தாமே விளைவித்துத் தன்னிறைவோடு வாழவேண்டும் என்று உங்களுட் பலர் எண்ணியிருக்கிறீர்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக இக் கொல்லிமலைமேல் வாழ்பவன் என்பதனால், அதுபற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். எண்ணம் நல்லெண்ணமே. உங்களை ஊக்குதற்கே வந்துள்ளேன். ஆயினும், அதற்குமுன் இனிக்காத சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

முதற்கண் கணக்கைப் பார்ப்போம். ஐவர் கொண்ட ஒரு குடும்பத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக்கிலோ அரிசி என்றால், ஆண்டுக்கு ஏறத்தாழ 900 கிலோ ஆகும். மூன்று பங்கு சாமையைக் குத்தி இரண்டு பங்கு அரிசி தேறினால் அது நல்ல தேறுதல். ஆகவே 1,350 கிலோ சாமை வேண்டும். வானம் பார்த்த மேட்டுநிலத்தில் ஒரு குறுக்கத்திற்கு (ஏக்கர்) 400 கிலோ கண்டாலே அதனை நல்ல ஆண்டு என்பர். எனவே, சோற்றுக்கு மட்டும் மூன்றரைக் குறுக்கம்! விதைக்கு எடுத்து வைப்பதும், காட்டுப்பன்றியும் கிளியும் கொண்டுபோவதும் இக்கணக்கிற் சேரா. பருப்பும் எண்ணெயும் சேரா.

இனி, நாள்தோறும் ஏறத்தாழ நான்கு கிலோ சாமையைக் குத்திப் புடைக்க வேண்டுமே, அதனைச் செய்வது யார்? சாமையின் உமி நெல்லுமிபோல் எளிதிற் பிரிவதன்று. தன்னிறைவைப் பற்றி மேடையில் முழங்கும் ஆடவர், உலக்கையைத் தொட்டுப் பார்த்திருக்கிறார்களா? மலையில் சாமைப் பயிர் சுருங்கியதற்கு இவ்வுலக்கை வேலையும் ஒரு பெருங் காரணம் என்பதை அங்குள்ள பெண்டிரைக் கேட்டால் தெரியும். உமி நீக்கும் சிறுபொறிகள் சில ஊர்களுக்கு வந்தபின்னரே அவர்தம் தோள்கள் ஓய்வு கண்டன. பொறியே வேண்டா என்று சூளுரைத்துக்கொண்டு மலையேறுபவர், வீட்டுப் பெண்களிடம் ஒருசொற் கேட்டுவிட்டு ஏறுவாராக!

அடுத்து உப்பு. 'ஒரு வீடு, ஒரு குடும்பம், வெளியார் துணையே வேண்டா' என்னும் தன்னிறைவு மேலைநாட்டு நூல்களிலிருந்து நமக்கு வந்த கனவு. நம் முன்னோர் அவ்வாறு வாழ்ந்ததாக நான் எங்கும் படித்ததில்லை. பாரியின் பறம்புமலையை மூவேந்தரும் முற்றியபோது, உழவர் உழாமலே அம்மலை நான்கு பயன்களைத் தரும் என்று கபிலர் அவர்களிடம் எடுத்துரைத்தார். மூங்கில்நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன் என்பன அவை. புறநானூற்றில் இதனைக் காணலாம். ஆனால் அந்நான்கனுள் உப்பு இல்லை. அப்பறம்பிற்கே குருவிக் கூட்டம் வெளியிலிருந்து செந்நெற்கதிர் கொணர்ந்ததாக அகநானூறு குறிக்கின்றது. நெய்தல்நிலத்து உப்பை உமணர் வண்டிகளில் ஏற்றி மலைநாடுகளுக்குக் கொண்டு சென்றனர். தேனும் கிழங்கும் கொடுத்து மீன்நெய்யும் நறவும் பெற்றுச் சென்றோரைப் பொருநராற்றுப்படை காட்டுகின்றது. குறிஞ்சி தனித்து வாழ்ந்ததில்லை. நெய்தலும் தனித்து வாழ்ந்ததில்லை. வீடு தன்னிறைவு பெறாது, ஊர் பெறும், ஊரும் பிற ஊர்களோடு மாற்றிக் கொண்டே பெறும்.

என் தவற்றையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன். நான் மலையேறிய முதலாண்டில் எனக்குக் கிடைத்தது ஒரு சரிவுநிலம். நகரத்திலிருந்து வேளாண்மை நூல்கள் பல கொண்டு சென்றிருந்தேன். பிறமொழிச் சொற்கள் நீக்கித் தூய தமிழில் எழுதப்பட்டவை! அவற்றிற் கண்டவாறே ஆழ உழவேண்டுமென்று ஏர் பூட்டி உழுவித்தேன். அண்டை வீட்டு மூதாட்டியார் வரப்பில் நின்று பார்த்து, "தம்பி, அது கொத்துக்காடு. அதிலே ஏர் பூட்டலாமா?" என்றார். நாட்டுப்புறத்துப் பழம்பேச்சு என்று நான் அதனைப் பொருட்படுத்தவில்லை. பத்து நாளில் மழை இறங்கியது. ஒரே இரவில் மேல்மண் முழுதும் ஓடைக்குப் போயிற்று. விதையும் உடன் போயிற்று.

கொத்துக்காடு என்பது மண்வெட்டியாலும் கொத்தாலும் கொத்தி மட்டுமே பயிரிட வேண்டிய சரிவு. உழவுக்காடு என்பது ஏர் செல்லத்தக்க நிலம். எந்நிலத்தை என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்னும் அறிவு முழுதும் அப்பெயருக்குள்ளேயே இருக்கின்றது. நகரத்தில் இருந்தபோது பேருந்துக்கும் தொடர்வண்டிக்கும் மிதிவண்டிக்கும் தமிழ்ப்பெயர் சொல்லாதவனைக் கடிந்துகொண்டவன் நான். ஒரு மூதாட்டியின் வாயிலிருந்து உயிரோடு வந்த தமிழ்ச்சொல்லுக்குச் செவி கொடுக்கவில்லை. அதன் விலை ஓராண்டுச் சோறு.

மறு ஆண்டு அவரே விதை கொடுத்தார். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, செந்தினை, பெருந்தினை, கருமுழியன் கேழ்வரகு என்று அவர் வீட்டில் வகைக்கொரு குடுவை இருந்தது. எது எம்மண்ணுக்கு ஏற்றது, எதனைப் பன்றி தின்னும், எது மழை பிந்தினாலும் தாங்கும் என்று ஒவ்வொன்றிற்கும் ஒரு வரலாறு சொன்னார். இவ்விதைகள் எந்தக் கடையிலும் விற்பதில்லை. விதை அழிந்தால் அப்பெயரும் அழியும். பெயரை மறந்துவிட்டால் விதையைத் தேடுவாரும் இரார்.

அவ்வழிவு ஏற்கெனவே தொடங்கிவிட்டது. 1970-களில் சிறுகூலங்கள் விளைந்த கொல்லிமலை நிலத்தின் பெரும்பகுதி பின்னர் மரவள்ளிக்குப் போயிற்று. மரவள்ளி சமவெளிச் சவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. அந்த விற்பனைப் பணத்தில் மலையார் அரிசி வாங்கி உண்கின்றனர். 2018-ஆம் ஆண்டை இந்திய அரசும், 2023-ஆம் ஆண்டை உலக நாடுகள் மன்றமும் சிறுகூல ஆண்டாகக் கொண்டாடின. நகரத்துக் கடைகளிற் சாமையின் விலை உயர்ந்தது. விளைவித்தவர் வீட்டுப் பானையில் அது மீண்டும் பெருகியதாகத் தெரியவில்லை.

இந்நிலையிலேதான் நீங்கள் நிலம் வாங்க வருகிறீர்கள். யாரிடமிருந்து வாங்குகிறீர்கள்? மலையாளி எனப்படும் அப்பழங்குடியினரிடமிருந்து. (அப்பெயரைக் கேட்டதும் கேரளத்தாரை நினையாதீர்கள், மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழ்.) அரசியற் சட்டத்தின் ஐந்தாம் பட்டியலின்கீழ் பத்து மாநிலங்களிற் பழங்குடிப் பகுதிகள் அறிவிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் தமிழ்நாடு இல்லை. அப்பட்டியல் தரும் காப்பு நம் மலைகளில் ஒன்றற்கேனும் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் காட்டுரிமைச் சட்டம் காட்டுநிலத்தைப் பற்றியது. கடனுக்காக ஒருவர் தம் சொந்தக் கொல்லையை விற்பதை அது தடுக்காது. மகள் திருமணம், மருத்துவச் செலவு என்று வரும்போது அவர் விற்கிறார். வாங்கியவர் வேலி போடுகிறார். விற்றவரே அவ்வேலிக்குள் கூலிக்குக் காவல் இருக்கிறார். இதனை நான் ஒரிடத்தில் அன்று, பல இடங்களிற் கண்டுள்ளேன். அவ்வேலியின் முகப்பில் நற்றமிழில் இல்லப்பெயர் பொறித்திருந்த இடமும் உண்டு. வேலிக்குள் நின்ற முதியவர் முகத்தைப் பார்த்தபின் அப்பெயரைப் படித்து மகிழ எனக்கு மனம் வரவில்லை.

'பின் நாங்கள் என்னதான் செய்வது?' என்று முன்வரிசைத் தம்பி ஒருவர் கேட்கிறார். நான் செய்வதைச் சொல்கிறேன். எனக்கு அங்கே சொந்தநிலம் ஒரு சாணும் இல்லை. முதலாண்டில் மண்ணை ஓட விட்டேனே, அச்சரிவும் குத்தகை நிலமே. அதன் உரியவருக்கு இழப்பீடு கொடுத்தேன்; கற்களை அடுக்கி வரப்புக் கட்டி மண்ணைத் தேக்க நான்கு ஆண்டுகள் ஆயின. இன்றும் விளைவிற் பாதி அவருக்கு. மிளகும் காப்பியும் அவருடைய நிழல்மரங்களின்கீழ் அவருக்கே விளைகின்றன. பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன்; அவர்கள் எனக்குச் செடிகொடிகளின் பெயர்களைச் சொல்லித் தருகிறார்கள். இதுவரை நானூறுக்குமேல் எழுதி வைத்திருக்கிறேன். அவற்றுட் பல நம் அகரமுதலிகளில் எனக்குக் கிட்டவில்லை.

விடைத் திங்களில் (வைகாசி) கொத்துக்காட்டு வேலை தொடங்கும். மூவர் நால்வராக வாருங்கள், ஓராண்டு தங்குங்கள். நிலம் வாங்கும் பணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். என் குடிலின் திண்ணையில் நால்வர் படுக்கலாம். மண்வெட்டி இருக்கிறது. வரும்போது ஆளுக்கு இரண்டு கிலோ உப்பு மட்டும் கொண்டு வாருங்கள். மேலே அது விளைவதில்லை.