‘லீன்’ என்றால் ஒல்லியா?

(நமது சங்கத்தின் பொங்கல் விழாவில், சொல் விளையாட்டு முடிந்ததும் பேசியது)



"சார், பத்து நிமிஷம்தான். அப்புறம் சாப்பாடு" என்று செயலாளர் முன்னாலேயே சொல்லிவிட்டார். நான் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வங்கியில் எழுத்தராக இருந்தவன். நேரமானால் கவுண்டரை மூடிவிடுவேன். பயப்படாதீர்கள்.

கொஞ்சம் முன்னால் நாம் ஆடிய விளையாட்டைப் பற்றித்தான் பேசப்போகிறேன். தாமதமாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் அகராதியிலிருந்து யாருக்கும் தெரியாத ஒரு சொல்லை எடுப்பார். மற்றவர்கள் அதற்கு ஆளுக்கொரு அர்த்தத்தைக் கற்பனை செய்து சீட்டில் எழுதித் தர வேண்டும். உண்மையான அர்த்தமும் ஒரு சீட்டில் இருக்கும். எல்லாவற்றையும் கலந்து படித்ததும், எது நிஜம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆங்கிலத்தில் வெகுநாளாக ஆடிவரும் விளையாட்டு இது. கனடாவில் 1984-ல் ‘பால்டர்டாஷ்’ என்று பெயர் வைத்து, பெட்டியில் போட்டு விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டார்கள். நமக்கு அந்தச் செலவெல்லாம் இல்லை. ஒரு அகராதி, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம், நாலு பேனா, அவ்வளவுதான்.

இன்றைய முதல் சொல் ‘ஞமலி’. வந்த சீட்டுகளில் எனக்குப் பிடித்தது இது: "லிஃப்ட் வரும்வரை பொத்தானை ஞமஞமவென்று அழுத்திக்கொண்டே இருப்பவர்." யார் எழுதியது, யாரை நினைத்து எழுதியது என்று நான் கேட்கவில்லை. உண்மையான அர்த்தம் நாய். சங்கப் பாடல்களில் வரும் சொல். நம் குடியிருப்பில் ஆறு மாதமாக எந்தக் கூட்டம் போட்டாலும் ஞமலியில்தான் வந்து நிற்கிறது என்பதால், அதைப் படித்ததும் எழுந்த சிரிப்பு அடங்கவே நேரமாகிவிட்டது.

இரண்டாவது சொல் ‘ஞிமிறு’. ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள்: "போன் வைப்ரேஷனில் இருக்கும்போது மேஜைமேல் வரும் சத்தம்." உண்மையான அர்த்தம் வண்டு, தேனீ. குழந்தை எவ்வளவு பக்கத்தில் போயிருக்கிறாள் பாருங்கள்! சொல் தெரியாவிட்டாலும் அதன் ஓசை அவள் காதில் ரீங்காரமாக விழுந்திருக்கிறது.

தெரியாத சொல் வந்தால் நம் மனசு சும்மா இருக்காது. ஓசையைப் பிடிக்கும். தெரிந்த சொல் எதோடாவது ஒட்டிப் பார்க்கும். ஒட்டவில்லையென்றால் ஒட்டவைக்கும். ஊரே சேர்ந்து இப்படிச் செய்தது உண்டு. சென்னையில் ஹாமில்டன் என்ற வெள்ளைக்காரர் பெயரில் ஒரு பாலம் இருந்தது. ஜனங்கள் வாயில் அது ‘அமட்டன்’ ஆயிற்று. அமட்டன் என்றால் யாருக்கும் எதுவும் புரியவில்லை. நாவிதரைக் குறிக்கும் பழைய சொல்லோடு ஒட்டி ‘அம்பட்டன் வாராவதி’ ஆக்கிவிட்டார்கள். பிறகு யாரோ அதை அக்கறையாக ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து ‘பார்பர்ஸ் பிரிட்ஜ்’ என்றார்கள். ஹாமில்டன் துரை கப்பலேறி வந்து, கடைசியில் கத்தரிக்கோலோடு நின்றார்!

இதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. பாலம் பாலமாகத்தான் இருந்தது. ஆனால் நானே ஒரு சொல்லுக்கு வேடிக்கையாக அர்த்தம் சொல்லி, ஒருவருக்கு நஷ்டம் உண்டாக்கியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பத்து நிமிடத்தைக் கேட்டு வாங்கினேன்.

1986 என்று நினைவு. கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன கிளை. நான் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகியிருக்கும். வாய்த்துடுக்கு அதிகம். கவுண்டரில் நான் ஏதாவது சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

ஒரு பாட்டி வந்தார். பத்தாயிரம் ரூபாய் ஃபிக்சட் டெபாசிட் வைத்திருந்தார். மகனுடைய கடைக் கடனுக்கு அந்த ரசீதைப் பிணையாகக் கொடுத்து, பின்பக்கம் கையெழுத்தும் போட்டிருந்தார். மகன் காட்டிய இடத்தில் போட்ட கையெழுத்து. லெட்ஜரைப் பார்த்த அதிகாரி, "இதிலே லீன் இருக்கே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பாட்டி என்னிடம் திரும்பி, "லீன்னா என்ன தம்பி?" என்று கேட்டார்.

நான் சொன்னேன்: "லீன்னா இங்கிலீஷிலே ஒல்லின்னு அர்த்தம் பாட்டி. உங்க டெபாசிட் கொஞ்சம் இளைச்சிருக்கு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பாட்டியும் சிரித்தார். "என்னை மாதிரியே" என்று சொல்லிவிட்டுப் போனார். நானும் அடுத்த செல்லானைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து டெபாசிட் முதிர்ந்த அன்று பாட்டி வந்தார். ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும் என்று கொத்தனாருக்கு இருநூறு ரூபாய் முன்பணமும் கொடுத்திருந்தார். மகனுடைய கடன் பாக்கி இருப்பதால் பணத்தைத் தர முடியாது என்று மேலாளர் சொன்னார். அது சரியான பதில்தான். பாட்டி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. நேராக என் கவுண்டருக்கு வந்தார்.

"தம்பி, இளைச்சிருக்குன்னுதானே சொன்னே? வட்டியிலே கொஞ்சம் குறையும்னு நினைச்சேன். கட்டிப் போட்டிருக்குன்னு சொல்லலியே."

கோபமாகச் சொல்லவில்லை. சந்தேகம் கேட்பது போலத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மகன் கடனை அடைத்து, தை பிறந்த பிறகுதான் பணம் அவர் கைக்குப் போயிற்று. அந்த மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் பாத்திரம் வைத்து ஒழுகலைப் பிடித்ததாகப் பிறகு சொன்னார்.

வரிசையில் இருபது பேர் நின்றார்கள், நேரமில்லை என்று வெகுகாலம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. உண்மை என்னவென்றால், நான் பி.காம். லீனுக்கு ஆங்கிலத்தில் இலக்கணம் எழுதி மார்க் வாங்கியவன். ஆனால் ஒரு பாட்டிக்குப் புரிகிற மாதிரி அதைத் தமிழில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை ஜோக்கால் மூடினேன். தமிழில் ‘பற்றுரிமை’ என்று ஒரு சொல் இருப்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அதுகூடத் தேவைப்பட்டிருக்காது. "கடன் தீரும்வரை இந்தப் பணத்தை எடுக்க முடியாது பாட்டி" என்று சொல்ல எத்தனை நொடி ஆகும்?

நாம் இன்று ஆடியதும் நான் அன்று செய்ததும் ஒன்று போலத்தான் தெரியும். ஒரே ஒரு வித்தியாசம். நம் விளையாட்டில் கடைசியில் அகராதியைத் திறக்கிறோம். நான் அன்று திறக்கவில்லை.

இன்னொரு சொல்லும் உண்டு. அனாமத்து. "அனாமத்தாகக் கிடக்கிறது" என்கிறோம், கேட்பாரற்றுக் கிடக்கிறது என்ற அர்த்தத்தில். அ, நாமம், அதாவது பெயர் இல்லாதது என்று நான் ரொம்ப நாள் பிரித்து வைத்திருந்தேன். அழகாகப் பொருந்துகிறது அல்லவா? ஆனால் அது ‘அமானத்’ என்ற உருதுச் சொல்லிலிருந்து வந்தது. மூலம் அரபி. அர்த்தம், ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். எவ்வளவு தூரம் பாருங்கள்! நம்பி ஒப்படைத்தது என்பது, நம் வாயில் யாருடையதும் இல்லை என்று ஆகிவிட்டது.

வணிகவியல் பாடத்தில் சஸ்பென்ஸ் அக்கவுண்டுக்கு ‘அனாமத்துக் கணக்கு’ என்று பெயர். நம் சங்கத்திலும் அது இருக்கிறது. வீட்டு எண்ணைக் குறிப்பிடாமல் நீங்கள் அனுப்பும் பராமரிப்புப் பணம் அங்கேதான் போய் உட்காருகிறது. அது உங்கள் பணம். தயவுசெய்து எண்ணைக் குறிப்பிடுங்கள். வங்கிகளிலும் பத்து வருடம் யாரும் தொடாத டெபாசிட் பணம், ரிசர்வ் வங்கி 2014-ல் ஏற்படுத்திய ஒரு நிதிக்குப் போகிறது. போனாலும் உரிமை போய்விடாது. வைத்தவரோ வாரிசோ அந்த வங்கியில் உரிய தாள்களைக் கொடுத்துக் கேட்டு வாங்கலாம். எந்த வங்கியில் இருக்கிறது என்று தேட, 2023-ல் ‘உத்கம்’ என்ற இணையதளமும் வந்திருக்கிறது. உங்கள் அப்பா அம்மா பெயரை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். போன பொதுக்குழுவில் ‘சிங்கிங் ஃபண்ட்’ என்று சொன்னபோது பின்வரிசையில் ஒருவர், "நம்ம பணம் மூழ்கிப் போறதுக்கு ஒரு ஃபண்டா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் கூட்டம் முடிந்ததும் இரண்டு பெரியவர்கள் தனியாக வந்து, "நிஜமாவே மூழ்கிடுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்கள். மூழ்காது. லிஃப்ட் மாற்றுவது, கட்டடத்துக்கு வண்ணம் பூசுவது போன்ற பெரிய செலவு ஒருநாள் வரும். அதற்காகச் சிறுகச் சிறுக ஒதுக்கி வைக்கும் பணம் அது. அந்த இரண்டு பேரும் கேட்டுவிட்டார்கள். கேட்காமல் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேரோ!

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை சங்கத்தின் அறிவிப்பிலோ, பத்திரத்திலோ, வங்கித் தாளிலோ புரியாத சொல் வந்தால், முதலில் தாராளமாக ஒரு அர்த்தத்தைக் கற்பனை செய்யுங்கள். வீட்டில் எல்லோரும் சொல்லிச் சிரியுங்கள். அதன் பிறகு, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், உண்மையான அர்த்தத்தைக் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் இருப்பவர்களுக்கும் சொல்கிறேன்: யாராவது கேட்டால் ஜோக் அடியுங்கள், தப்பில்லை. ஆனால் அர்த்தத்தையும் சொல்லிவிட்டு அனுப்புங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் பதினொன்று வரை கீழே நூலக அறையில் இருப்பேன். புரியாத தாளை எடுத்துக்கொண்டு வாருங்கள். எனக்குத் தெரிந்தால் சொல்கிறேன். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல இப்போது பழகிவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து தேடிப் பார்ப்போம்.

பத்து நிமிடம் ஆகிவிட்டது. கவுண்டரை மூடுகிறேன். பொங்கல் ஆறுவதற்குள் எல்லோரும் சாப்பிடப் போகலாம்.