ஞாயிறு இரவு ஏழு மணிக் கொப்பி

வழக்கமாக இந்த நேரத்தில் என்னிடமிருந்து நீங்கள் கேட்பது வருமான வரி, ஓய்வூதியச் சேமிப்பு, பற்றுச்சீட்டுகளை ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பன போன்ற விடயங்கள். இன்றைக்கு அவற்றுக்கு விடுமுறை.

போன மாதம் நிகழ்ச்சி முடிந்து ஒலிவாங்கியை மூடிய பிறகு ஒரு அம்மா தொலைபேசியில் வந்தார். கணவர் காலமாகி ஒரு வருடம். மனம் ஆற நாட்குறிப்பு எழுதும்படி வைத்தியர் சொன்னாராம். "கொப்பியைத் திறந்தால் ஒண்டும் வருகுதில்லை பிள்ளை. வெள்ளைத் தாளையே பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார். "எழுதாதேங்கோ அம்மா, ஒட்டுங்கோ" என்று சொன்னேன். அடுத்த நிகழ்ச்சிக்காரர் கதவடியில் நின்றதால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. மிச்சத்தைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ஒரு கொப்பியின் பக்கத்தில் படமும் கீறலாம், நிறமும் பூசலாம், பழைய கடிதத் துண்டு, சேலைக்கரை, பஸ் ரிக்கெற், காய்ந்த இலை எதையும் ஒட்டலாம், பக்கத்தில் இரண்டு வரி எழுதலாம். ஆங்கிலத்தில் இதை ஆர்ட் ஜேர்னல் என்கிறார்கள். ஜேர்னல் என்ற சொல் கணக்காளர்களாகிய எங்களுக்குப் பழக்கமானது. 1494ஆம் ஆண்டு வெனிஸ் நகரில் லூக்கா பசியோலி என்ற துறவி இரட்டைப் பதிவுக் கணக்கை விளக்கி அச்சிட்ட நூலில் மூன்று புத்தகங்கள் சொல்லப்படுகின்றன. பேரேடு, அதற்கு முன் நாளேடு, அதற்கும் முன் ஒரு நினைவுக் கொப்பி. இந்த நினைவுக் கொப்பியில் ஒழுங்கு தேவையில்லை. நடந்ததை நடந்தபடி, வீட்டில் எழுதத் தெரிந்த எவரும், பெண்கள் உட்பட, எழுதி வைக்கலாம். பல்கலைக்கழகத்தில் வணிகம் படித்த காலத்தில் பரீட்சைக்காக இதைப் பாடமாக்கினேன். எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு கொப்பி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

அது வந்த கதை இதுதான். எங்கள் மகள் பாடசாலையில் ஓவியத்தை ஒரு பாடமாக எடுத்தாள். நியூ சவுத் வேல்ஸ் பாடசாலைகளில் ஓவியம் படிக்கும் பிள்ளைகள் தாங்கள் யோசித்தது, முயன்றது, பிழைத்தது எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் கீறியும் ஒட்டியும் வைத்திருப்பார்கள். எங்களில் எத்தனை பெற்றோர் அந்தக் கொப்பியைத் திறந்து பார்த்திருப்போம்? நான் பார்க்கவில்லை. கணித ரியூசனுக்குக் கொண்டுபோய் விடுவதிலும் கூட்டி வருவதிலும் என் காலம் போனது. 2020 கடைசியில் அவள் பரீட்சை எழுதி முடித்தாள். பாதிக்கு மேல் வெறுமையாக இருந்த அந்தக் கறுப்பு அட்டைக் கொப்பியைக் குப்பைக்குப் போடப் போன இடத்தில் என் அம்மா பிடித்துக்கொண்டார். "நல்ல தடிப்பான தாள். எறியாதை."

அம்மாவுக்கு அப்போது எண்பது வயது. அந்தக் கொப்பியில் அவர் முதலில் எழுதியது ஒரு கடன் பட்டியல். ஐயா வலிகாமம் வடக்கில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தார். 1990 ஜூனில் சண்டை தொடங்கி நாங்கள் ஊரைவிட்டு ஓடியபோது காணி உறுதியும் நகையும் அம்மாவின் கையில் வந்தன. கடன் கொப்பி லாச்சிக்குள் கிடந்துவிட்டது. முப்பது வருடம் கழித்து அதிலிருந்து பதினொரு பெயரையும் தொகையையும் ஒரே மூச்சில் எழுதினார். மகள் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர்கள் கடனாக வாங்கிய சாமானைக் கீறினாள். சீனிச் சரை, மண்ணெண்ணெய்ப் போத்தல், சவர்க்காரக் கட்டி. அந்தப் பதினொரு பேரில் நான்கு பேர் இன்று உயிரோடு இல்லை. ஒருவர் மெல்பேணில் வசதியாக இருக்கிறார். அவருடைய கணக்கில் 42 ரூபா 50 சதம் நிலுவை. பெயரைச் சொல்லமாட்டேன், பயப்பட வேண்டாம்.

இரண்டாவது பக்கம் வீட்டுப் படம். இந்த இடத்தில் யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் அவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பிப்பவர். 2004இல் யாழ். பொது நூலகத்தில் நடந்த கண்காட்சி ஒன்றில், ஊர் வீடுகளிலிருந்து மக்கள் கொடுத்த சின்னச் சின்னப் பொருட்களைப் போத்தல்களில் இட்டு வைத்தார். 1981இல் எரிந்த அதே நூலகத்தில். பிறகு கனடாவில் வன்கூவரிலும் அங்குள்ள எங்கள் ஆட்களிடம் பொருட்களைச் சேர்த்து அப்படியொரு காட்சியை வைத்தார். 2011இல் 'முடிவுறாத தோம்பு' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் அவருடைய நூல் வெளிவந்தது. தோம்பு என்றால் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்தவர்களிடம் போய், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவில் இருக்கிறபடி கீறித் தரச் சொல்லியிருக்கிறார். அவர்கள் கீறியது, அதை வைத்துக் கட்டடக்கலை முறையில் வரைந்த படம், அவர்களின் கதை, தன்னுடைய ஓவியம் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கங்கள். மெல்பேணில் ஒரு சிநேகிதி வீட்டில் அந்த நூலைப் புரட்டினேன். கோடு நேராகக் கீறத் தெரியாத கைகள் கீறிய படங்கள். சிட்னிக்குத் திரும்பி வந்து அம்மாவிடம் பென்சிலைக் கொடுத்தேன்.

அம்மா கீறினார். படலை, விறாந்தை, நடுவில் முற்றம், குசினி, கோடிப்புறத்தில் மாட்டுக்கொட்டில், கிழக்கே கிணறு, கிணற்றடியில் தேசிமரம். மகள் கைத்தொலைபேசியில் படம் எடுத்து ரொறன்ரோவில் இருக்கும் சின்னம்மாவுக்கு அனுப்பினாள். இரண்டு நாளில் சின்னம்மாவின் படம் வந்தது. அதில் கிணறு வடக்கே, குசினிப் பக்கம். தேசிமரம் இல்லவே இல்லை. "அக்காவுக்கு மறதி வந்திட்டுது" என்று ஒரு குறிப்பு வேறு.

இங்கேதான் நான் பிழை விட்டேன். இரண்டு கணக்கு ஒத்துவராவிட்டால் இரவு நித்திரை வராத தொழில் எனக்கு. வங்கிக் கூற்றையும் காசேட்டையும் இணக்குவது போல இரண்டு படத்தையும் மேசையில் வைத்துக்கொண்டு, "வெயில் எந்தப் பக்கத்தாலை குசினிக்குள்ளை விழும்? தண்ணி அள்ளிக்கொண்டு எந்த வாசலாலை வாறனீங்கள்?" என்று அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்தேன். அம்மா பென்சிலை வைத்தார். "நான் பொய் சொல்லுறன் எண்டு நினைக்கிறியோ?" என்று கேட்டுவிட்டு அறைக்குப் போனார். நான்கு ஞாயிற்றுக்கிழமை கொப்பி திறக்கப்படவில்லை.

ஐந்தாம் ஞாயிறு மகள் என்னைக் கேட்காமலே சின்னம்மாவின் படத்தை அச்செடுத்து, அம்மாவின் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒட்டினாள். இரண்டையும் ஒரே பச்சை நிறத்தால் வேலி போட்டு அடைத்தாள். அம்மா வந்து பார்த்தார். "அவள் சின்னப்பிள்ளை, அவளை நாங்கள் கிணத்தடிக்கு விடுறேல்லை. அவளுக்கு எப்பிடித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, சின்னம்மாவின் படத்தில் ஒரு மூலையில் சின்னதாகத் தேசிமரம் ஒன்றைக் கீறினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: இந்தக் கொப்பிக்குக் கணக்காய்வு கிடையாது.

நேயர்களே, தொடங்க விரும்புகிறவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெளிந்த சிலவற்றைச் சொல்கிறேன். நேரம்தான் முதலில். எங்களுக்கு ஞாயிறு இரவு ஏழு மணி, சாப்பாட்டு மேசையில், பழைய பேப்பர் விரித்து முக்கால் மணித்தியாலம். கிழமைக்கு ஒரு பக்கம் போதும். நாள்தோறும் என்று தொடங்கியவர்கள் பத்தாம் நாள் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நாங்களும் வரிக் காலத்தில் சில கிழமைகளைத் தவறவிட்டோம். தவறியதை நிரப்பப் போகாதீர்கள், அன்றைய திகதியைப் போட்டுத் தொடருங்கள்.

தாள் தடிப்பாக இருக்க வேண்டும். பாடசாலை அப்பியாசக் கொப்பித் தாள் தண்ணீர் பட்டால் அப்பளம் போல நெளியும். நாங்கள் வாங்குவது 110 கிராம் தாள் உள்ள சுருள்கம்பிக் கொப்பி. ஒட்டும் பொருள் கூடும்போது சுருள்கம்பிதான் கொப்பியைப் பிளக்காமல் காக்கும். கோதுமை மாப் பசை வேண்டாம். ஊரில் தேர்தல் சுவரொட்டிக்குக் காய்ச்சியது நல்லதுதான், ஆனால் புத்தகத்துக்குள் பூச்சியைக் கொண்டுவரும். பிவிஏ என்ற வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசுங்கள். காயும்வரை பக்கங்களுக்கு இடையில் பேக்கிங் தாளை வையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிடும். எங்கள் ஏழாம் எட்டாம் பக்கங்களை இன்றுவரை பிரிக்க முடியவில்லை.

மூலப் படத்தையோ, காணி உறுதியையோ, பிறப்புச் சான்றிதழையோ ஒருபோதும் ஒட்டாதீர்கள். பிரதி எடுத்து ஒட்டுங்கள். அதையும் லேசர் இயந்திரத்தில் எடுங்கள். இங்க்ஜெற் அச்சில் ஈரப் பசை பட்டால் மை கரைந்து ஓடும். கடைப் பற்றுச்சீட்டு இன்னொரு பொறி. அநேகமானவை வெப்பத்தால் அச்சாகும் தாள். சில வருடத்தில் எழுத்து மறைந்து வெறும் தாள்தான் மிஞ்சும். வாடிக்கையாளர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த நான், அம்மா முதன்முதலாகத் தனியாகப் பஸ்சில் போய் மீன் வாங்கி வந்த சீட்டைப் பிரதி எடுக்காமல் ஒட்டினேன். இப்போது அங்கே ஒரு வெள்ளைத் துண்டு இருக்கிறது. பத்திரிகைத் தாளும் மஞ்சளாகி நொறுங்கும். பழைய ஒட்டும் அல்பங்களில், பிளாஸ்ரிக் தாளுக்குக் கீழே, ஊர்ப் படங்கள் வைத்திருக்கிறீர்களா? அந்தப் பசை படத்தைக் கெடுக்கும். கையால் இழுக்காமல், பல்லிடுக்குச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்குக் கீழே மெல்ல ஓட்டி எடுங்கள்.

"எனக்குக் கீறத் தெரியாது" என்பவர்களுக்கு ஒரு செய்தி. 2016இல் அமெரிக்காவில் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்தில் 39 பேரை முக்கால் மணி நேரம் களிமண், நிறப்பேனை, வெட்டி ஒட்டும் தாள் என்று விரும்பியதைச் செய்யவிட்டு, முன்னும் பின்னும் உமிழ்நீரில் மன அழுத்தச் சுரப்பை அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பு ஓவியம் பழகியிருந்தார்களா இல்லையா என்பதால் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. கால்வாசிப் பேருக்குக் குறையவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்குச் சில பக்கங்கள் திறக்கக்கூடாத கதவாகவும் இருக்கும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தில் நடந்ததைக் கீறத் தொடங்கி அம்மா இரண்டு இரவு உறங்கவில்லை. அந்தப் பக்கத்தைக் கறுப்பு மை பூசி விட்டுவிட்டோம், அப்படியே இருக்கட்டும் என்று. இப்படி நித்திரை குழம்பினால் சிட்னியில் ஸ்ராட்ஸ், மெல்பேணில் பவுண்டேசன் ஹவுஸ் என்ற நிறுவனங்கள் இருக்கின்றன. போரிலும் சித்திரவதையிலும் பாதிக்கப்பட்டு வந்தவர்களுக்காக 1980களின் பிற்பகுதியிலிருந்து வேலை செய்பவை. வெட்கப்படாமல் கேளுங்கள்.

இதை யார் பிறகு பார்க்கப்போகிறார்கள் என்றும் கேட்பீர்கள். முதலாம் உலகப்போர் முடிந்த கையோடு, 1918 டிசம்பரில், சிட்னி மக்குவாரி வீதியில் இருக்கும் மாநில நூலகம் சாதாரண சிப்பாய்களின் நாட்குறிப்புகளைக் காசு கொடுத்து வாங்கத் தொடங்கியது. எழுதியவர்கள் எழுத்தாளர்கள் அல்லர். இன்று அவற்றை நாங்களும் போய்ப் பார்க்கலாம்.

கிணற்றுக் கதைக்கு வருகிறேன். காணி விடுபட்ட பிறகு, 2022இல் மச்சான் ஒருவர் அங்கே போய்ப் படம் எடுத்து அனுப்பினார். வீடு இல்லை. பற்றைக்குள் கிணற்றுக்கட்டு மட்டும் தெரிகிறது. எந்தத் திசையில் நின்று எடுத்தார் என்று அவருக்கே ஞாபகம் இல்லை. ஆகவே அம்மாவும் சின்னம்மாவும் தங்கள் தங்கள் கட்சியிலேயே நிற்கிறார்கள். அந்தப் படத்தை அம்மா தாமே ஒட்டினார். கிணற்றுக்கு மேலே, படத்துக்கு வெளியே தாளில் ஒரு துலாவைக் கீறினார். மகள் துலா என்றால் என்ன என்று கேட்டாள். அம்மா எழும்பி நின்று, இரண்டு கையாலும் கயிற்றை இழுத்துக் காட்டினார். மகள் அதைத் தன் கையெழுத்தில் ஆங்கிலத்தில் எழுதினாள். அம்மாவுக்கு அதை வாசிக்கத் தெரியாது. அவள் தமிழில் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள். அந்தப் பக்கத்தில் இரண்டும் இருக்கின்றன.

இப்போது நாலாவது கொப்பி நடக்கிறது. வாற ஞாயிறுக்கு ஒரு தேசி இலை வேண்டுமாம், நல்ல முற்றின இலை. ருங்காபியில் ஒரு நேயர் வீட்டு வளவில் மரம் நிற்கிறது என்று கேள்வி. கேட்டுப் பார்க்க வேண்டும்.