தனியாக உள்ளே போவதில் உள்ள சிக்கல்கள்

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் விடுதி அறைகளில் கொஞ்ச காலமாக ஐ.எஃப்.எஸ். என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. வனப் பணியும் இல்லை, வெளியுறவுப் பணியும் இல்லை. ‘இன்டர்னல் ஃபேமிலி சிஸ்டம்ஸ்’ என்கிற உளவியல் சிகிச்சை முறை. ஒரு பி.டி.எஃப்., நான்கு யூடியூப் காணொளிகள், ஒரு நோட்டு. இவற்றை வைத்துக்கொண்டு பலர் தாங்களாகவே செய்து பார்க்கிறார்கள்.

ஏன் தனியாகச் செய்கிறார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. உதவித்தொகை மாதக்கணக்கில் வராத நிலையில் ஒரு அமர்வுக்கு ஆயிரமும் இரண்டாயிரமும் யாரால் தர முடியும்? காசு புரட்டிப் போனாலும், எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகருக்குச் சாதி என்றால் என்னவென்று நாம்தான் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது. “இந்தக் காலத்தில் அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்?” என்று அவர் கேட்டுவிட்டால் அதோடு சிகிச்சை முடிந்தது.

நான் உளவியலாளர் இல்லை, சமூகவியல் ஆய்வாளர். இரண்டு ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறேன், நண்பர்கள் செய்வதையும் பார்க்கிறேன். அந்த அளவில்தான் பேசுகிறேன்.

முதலில் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1980களில் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷ்வார்ட்ஸ் என்ற குடும்பநலச் சிகிச்சையாளர் இதை உருவாக்கினார். அளவுக்கு மீறித் தின்றுவிட்டு வலிந்து வாந்தியெடுக்கும் நோய் கொண்ட இளம்பெண்கள் அவரிடம் வந்தார்கள். “எனக்குள் ஒன்று தின்னச் சொல்கிறது, இன்னொன்று திட்டுகிறது” என்று அவர்கள் பேசுவதைக் கவனித்தார். ஒரு குடும்பத்தில் ஆளுக்கு ஆள் மோதுவதை எப்படிப் புரிந்துகொள்வாரோ, அப்படியே இந்தக் குரல்களையும் புரிந்துகொள்ளப் பார்த்தார்.

அவர் கணக்கில் மனத்தின் பகுதிகள் மூன்று வகை. காயம்பட்ட குழந்தைப் பகுதிகளை உள்ளே யாரும் பார்க்க விரும்புவதில்லை. அவை ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் காயம் மறுபடி தொடப்படாதபடி முன்கூட்டியே எல்லாவற்றையும் கட்டுப்படுத்துபவை மேலாளர்கள்: ‘இன்னும் படி’, ‘தப்பில்லாமல் பேசு’, ‘யாரையும் நம்பாதே’. அதையும் மீறி வலி வெளியே வந்துவிட்டால் ஓடிவந்து அணைப்பவை தீயணைப்பு வீரர்கள்: குடி, விடிய விடிய செல்போன், திடீர்க் கோபம். கெட்ட பகுதி என்று எதுவுமே இல்லை என்பது இந்த முறையின் அடிப்படை. 2021இல் வந்த ஷ்வார்ட்ஸின் புத்தகத்துக்கே ‘நோ பேட் பார்ட்ஸ்’ என்றுதான் பெயர். இந்தப் பகுதிகள் தவிர, அமைதியும் ஆர்வமும் கருணையும் உள்ள ‘செல்ஃப்’ ஒன்று எல்லோரிடமும் இருக்கிறது, அதுதான் பகுதிகளோடு பேச வேண்டும் என்கிறார்.

கேட்க எளிதாக இருக்கிறது. தனியாக உட்காரும்போதுதான் சிக்கல் தெரிகிறது.

முதல் சிக்கல், கேள்வி கேட்பது யார் என்பது. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒரு கேள்வி உண்டு: “அந்தப் பகுதியைப் பார்க்கும்போது உங்களுக்கு அதன்மீது என்ன தோன்றுகிறது?” ‘எரிச்சலாக இருக்கிறது’ என்றால் அங்கே பேசுவது செல்ஃப் இல்லை, இன்னொரு பகுதி என்று பொருள். தனியாக இருக்கும்போது இதை யார் கவனிப்பது? நம் மேலாளர் மிகவும் கெட்டிக்காரர். சாந்தமான குரலில், “சொல்லு, ஏன் இப்படி வேலையைத் தள்ளிப்போடுகிறாய்? எப்போது திருந்துவாய்?” என்று கேட்பார். அது விசாரணை. அந்தப் பகுதிக்கும் அது தெரியும்; வாயைத் திறக்காது. நாம் ‘இந்த முறை எனக்கு ஒத்துவரவில்லை’ என்று நோட்டை மூடிவிடுவோம். இதில் ஓரளவு உதவும் சோதனை ஒன்றே ஒன்றுதான். அந்தப் பகுதி மாறாமல் இப்படியே இருந்துவிட்டாலும் அதன் கதையைக் கேட்க எனக்கு விருப்பமா? இல்லை என்றால், விருப்பமில்லாத அந்த ஆளோடுதான் முதலில் பேச வேண்டும்.

இரண்டாவது சிக்கல் அவசரம். காயம்பட்ட குழந்தையிடம் போவதற்கு முன் காவல் நிற்கும் பகுதிகளிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பது இந்த முறையின் கறாரான விதி. தனியாகச் செய்பவர்கள் இதைத்தான் தாண்டிக் குதிக்கிறார்கள். ஒரே இரவில் பத்து வயதுக் காயம் வரை போய் அழுதுவிட்டு, ‘ஆகா, திறந்துவிட்டது’ என்று நினைக்கிறோம். மறுநாள் பதிலடி வருகிறது. நாள் முழுக்கப் படுக்கை, அல்லது விட்டிருந்த பழக்கம் இருமடங்காகத் திரும்புகிறது. காவல் பகுதிகள் தம் வேலையைச் செய்திருக்கின்றன, அவ்வளவுதான்.

மூன்றாவது நம்மைப் போன்ற ஆய்வாளர்களுக்கே உரியது. பகுதிகளுக்குப் பெயர் வைத்து, அட்டவணை போட்டு, அம்புக்குறி வரைந்து ஒரு ஆய்வேடே எழுதிவிடுவோம். இருபது பகுதிகளுக்குப் பெயர் வைத்தவர் ஒன்றின் பக்கத்தில்கூட ஐந்து நிமிடம் உட்கார்ந்திருக்க மாட்டார். அலசி அலசிப் பார்ப்பதும் ஒரு பாதுகாப்புதான். இதற்கு மொழியும் துணைபோகிறது. புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது, நோட்டும் ஆங்கிலத்தில் நிரம்புகிறது. ஆனால் உள்ளே இருக்கும் குழந்தைக்கு ஆங்கிலம் தெரியாது. அது ஊர்ப் பேச்சில்தான் அழுதது. அந்தப் பேச்சிலேயே வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நான்காவது, எனக்கு முக்கியமாகப் படுவது. ஆபத்து முடிந்துவிட்டது, காவல் பகுதிக்கு மட்டும் அது தெரியவில்லை. ஆகவே அதை ஓய்வெடுக்கச் சொல்லலாம் என்பது தனியாகச் செய்பவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்ளும் பாடம். நம் விஷயத்தில் ஆபத்து முடிந்துவிட்டதா? “உங்களுக்கு எந்த ஊர்? ஊரில் எந்தப் பக்கம்?” என்று புதிதாக வந்த அறைத்தோழர் கேட்கும்போது உள்ளே ஒன்று விறைத்துக்கொள்கிறதே, அது பழைய நினைவில் உளறவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துதான் விறைக்கிறது. அதைத் தனியாக உட்கார்ந்து ‘தளர்த்த’ முயன்றால் அது நம்மை நம்பாது, நம்பவும் கூடாது. முன்னோரிடமிருந்தும் சமூகத்திடமிருந்தும் வரும் சுமைகளைப் பற்றி ஷ்வார்ட்ஸ் பேசுகிறார்; இனவெறியையும் அதில் சேர்க்கிறார். அது நல்லதே. ஆனால் அம்பேத்கர் சிறுவனாக கோரேகானுக்குப் போன வழியில் தண்ணீர் கிடைக்காமல் தவித்ததை எழுதியிருக்கிறாரே, அந்தத் தாகத்துக்குக் காரணம் அவருக்குள் இருந்த எந்தப் பகுதியும் இல்லை. அது வெளியே இருந்தது. எது உள்ளே சுமக்கும் பாரம், எது வெளியே இன்னும் நிற்கும் சுவர் என்று பிரித்துப் பார்க்க தனியறையில் முடிவதில்லை. அதே சுவரில் முட்டிய இன்னொருவர் வேண்டும்.

ஐந்தாவது, ‘செல்ஃப்’ என்ற சொல். காயப்படாத, கறைபடாத ஒன்று உள்ளே இருக்கிறது என்றதும் நமக்கு ஆத்மா நினைவுக்கு வருகிறது. ஆத்மா இல்லை என்ற பௌத்தத்தைத்தான் அம்பேத்கர் தேர்ந்தெடுத்தார். ஆகவே சில தோழர்கள் இதைப் பின்வாசல் ஆன்மிகம் என்று ஒதுக்குகிறார்கள். நியாயமான சந்தேகம்தான். ஷ்வார்ட்ஸின் எழுத்திலும் ஆன்மிகச் சாயல் உண்டு. நான் இதைப் பொருளாக எடுத்துக்கொள்வதில்லை, நிலையாக எடுத்துக்கொள்கிறேன். நண்பர் அழும்போது அறிவுரை சொல்லாமல் பக்கத்தில் உட்கார்கிறோமே, அந்த நிலை. அதை நமக்கே நாம் கொடுக்க முயல்கிறோம். அதற்கு ஆத்மா தேவையில்லை.

ஆதாரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2013இல் மூட்டுவாத நோயாளிகள் 79 பேரிடம் நடந்த ஆய்வில் வலியும் மனச்சோர்வும் குறைந்ததாகத் தெரிந்தது. நல்ல தொடக்கம், ஆனால் சிறிய எண்ணிக்கை. அதோடு, பகுதிகள் காட்டும் காட்சி எல்லாம் நடந்த சம்பவம் ஆகிவிடாது. அதை வைத்து யார்மீதும் தீர்ப்பெழுதக் கூடாது.

அப்படியானால் விட்டுவிடலாமா? வேண்டாம். தனியாகச் செய்ய முடிந்ததைத் தனியாகவும், முடியாததைத் துணையோடும் செய்வோம். காவல் பகுதிகளோடு பேசுவதைத் தனியாகச் செய்யலாம்: இருபது நிமிடம், கையால் எழுதி, ஒரு நேரத்தில் ஒரு பகுதி. “இந்த வேலையை நீ செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று பயப்படுகிறாய்?” என்ற ஒரு கேள்வியே பல வாரங்களுக்குப் போதும். ஒதுக்கப்பட்ட குழந்தையிடம் போவதை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காயத்தில் பாதி, அன்று பக்கத்தில் யாரும் இல்லை என்பதுதான். இன்றும் யாரும் இல்லாத அறையில் அதைத் திறந்தால் அதே தனிமை திரும்ப நடக்கிறது. உடம்பு மரத்துப்போனாலோ, நேரம் போனது தெரியாவிட்டாலோ, உயிரை விடும் எண்ணம் தலைகாட்டினாலோ அங்கேயே நிறுத்துங்கள். ஒரு நண்பரை எழுப்புங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண் 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.

கடைசியாக ஒன்று. மனம் தன்னுள்ளேயே சிலரை ஊருக்கு வெளியே தள்ளிவைக்கிறது, அவர்கள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வெளியே அதை எதிர்த்து யாரும் தனியாக வென்றதில்லை, சங்கமாகத்தான் நின்றோம். நாம் இங்கே புத்தகம் வாசிக்கக் கூடுகிறோம். மாதத்தில் ஒரு மாலை, இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் பேச, மற்றவர் குறுக்கிடாமலும் தீர்வு சொல்லாமலும் கேட்க முடியுமா? கேட்டது அந்த அறையை விட்டு வெளியே போகாது என்ற உறுதியோடு? செலவு ஒரு தேநீர்தான். அதை இந்த மாதமே தொடங்கலாம் என்று முன்மொழிகிறேன்.

ஜெய்பீம்.