‘அவசரம் இல்லை’ என்பதை ஆங்கிலம் எங்கே வைக்கிறது?

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க: ‘லவுட்லி’ன்னு ஒரே வார்த்தையில சொல்ல முடியறப்போ ‘இன் எ லவுட் வாய்ஸ்’னு ஏன் இழுக்கணும்? பதில் சொல்றேன். அதுக்கு முன்னாடி நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லியாகணும்.

எங்க சித்தப்பாவுக்கு பிள்ளையார்பாளையத்துல ரெண்டு தறி இருக்கு. வெளிநாட்டுல இருக்கிற ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்கு அரக்கு உடல், பச்சைக் கரை வெச்ச கோர்வைப் புடவை ஒண்ணு கேட்டிருந்தாங்க. அவங்க மெயிலை சித்தப்பா வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பி, “என்னடா சொல்றாங்க?”ன்னு கேட்டார். நான் மீட்டிங்கில் இருந்தேன். மேலோட்டமா ஓட்டினதில் ‘கிரேட் ஹர்ரி’ மட்டும் கண்ணில் பட்டுச்சு. “ரொம்ப அவசரமாம் சித்தப்பா”ன்னு பதில் போட்டுட்டு மீட்டிங்குக்குத் திரும்பிட்டேன்.

அந்த வரி முழுசா இதுதான்: ‘வி ஆர் இன் நோ கிரேட் ஹர்ரி.’ எங்களுக்கு அப்படியொண்ணும் அவசரம் இல்லை.

கோர்வைன்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேற நிறம். ரெண்டுக்கும் நாடா தனித்தனி. ஒவ்வொரு இழையிலும் கரையையும் உடலையும் கோர்த்துக்கிட்டே போகணும். அதனால நெய்யறவர் தவிர பக்கத்துல இன்னொருத்தர் வேணும். எங்க சித்தப்பா தறியில் அந்த ரெண்டு பேரும் கணவன், மனைவி. அவசரம்னு சொன்னா ரெண்டு பேரும் எழுந்திரிக்க முடியாது. அது வைகாசி மாசம். வரதராஜப் பெருமாள் கருட சேவை அன்னிக்கு காலையில ஊரே தெருவுல நிக்குது. அவங்க ரெண்டு பேரும் குழித்தறியில்.

சரி, கேள்விக்கு வர்றேன்.

ஆங்கிலத்தில் ஒரு வேலை எப்படி நடந்துச்சு, எந்த நிலைமையில் நடந்துச்சுன்னு சொல்ல ‘லி’ போட்ட வார்த்தை எல்லா இடத்துக்கும் போதாது. ‘ஃப்ரெண்ட்லி’ ஏற்கெனவே பெயரடை. அதுக்கு மேல இன்னொரு ‘லி’ ஒட்டிப் பேசினா யாருக்கும் வாய் வராது. அதனால ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’. ‘ஹார்ட்லி’ன்னா கடினமாங்கிற அர்த்தமே இல்லை, அரிதாகத்தான்னு அர்த்தம். இன்டர்வியூவில் ‘ஐ வொர்க்டு ஹார்ட்லி’ன்னு சொன்னா, நான் வேலையே செய்யலைன்னு வாக்குமூலம் கொடுத்த மாதிரி.

இந்த மாதிரி இடங்களில் முன்னிடைச்சொல், பெயரடை, பெயர்னு மூணையும் சேர்த்து ஒரு தொடரா கட்டுவாங்க. பல தொடர்களில் பெயரடைதான் உயிர். ‘ஷி ஸ்போக் இன் எ வாய்ஸ்’னா ஒண்ணுமே சொல்லலை. ‘இன் எ லோ வாய்ஸ்’னாதான் செய்தி. இதுல தமிழும் அப்படித்தான். ‘குரலில் பேசினாள்’னு நிறுத்த முடியாது, ‘தாழ்ந்த குரலில்’னு சொல்லணும்.

நமக்கு இடிக்கிற முதல் இடம் முன்னிடைச்சொல். நம்ம கையில் ‘இல்’, ‘ஓடு’ ரெண்டும் இருந்தா பெரும்பாலும் போதும். பவணந்தியார் நன்னூலில் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஓடு, ஒடுன்னு உருபு சொல்லி, கருவி, கருத்தா, உடனிகழ்ச்சின்னு பொருளும் சொல்லிட்டார். 13-ம் நூற்றாண்டு நூல், இன்னிக்கும் ‘நிதானத்தோடு செய்’னு அதே உருபைத்தான் போடறோம். ஆங்கிலத்தில் எது வரும்ங்கிறதை பெரும்பாலும் பின்னாடி வர்ற பெயர்தான் முடிவு பண்ணுது. குரலுக்கு ‘இன்’, கவனத்துக்கு ‘வித்’, வேகத்துக்கு ‘அட்’. தைராய்டு மாத்திரை அட்டையில் பார்த்திருப்பீங்க, ‘ஆன் ஆன் எம்ப்டி ஸ்டமக்’. நமக்கு அது வெறும் வயிற்றில், அவங்களுக்கு வெறும் வயிற்றின் மேல். இதுக்கெல்லாம் காரணம் தேடாதீங்க, பெயரோடு சேர்த்தே மனப்பாடம் பண்ணிடுங்க. ‘இன் ஹை ஸ்பீட்’னு எழுதினா யாரும் தப்பாப் புரிஞ்சுக்க மாட்டாங்க, இங்கிலீஷ் கொஞ்சம் தடுக்கும், அவ்வளவுதான்.

உண்மையில் ஆபத்து இருக்கிறது ரெண்டாவது இடத்தில். முன்னிடைச்சொல்லுக்கும் பெயரடைக்கும் நடுவுல ஒரு சின்ன இடம் இருக்கு. அங்கே ஒரு குட்டி வார்த்தை உட்கார்ந்து மொத்த அர்த்தத்தையும் திருப்பிடும்.

தமிழில் எதிர்மறை எங்கே வரும்? கடைசியில். ‘அவசரம் இல்லை’, ‘வேகமாப் போகலை’. வாக்கியம் முடியற வரைக்கும் காத்திருந்து கேட்டுப் பழகின காது நமக்கு. ஆங்கிலம் அதைத் தொடருக்குள்ளேயே, பெயரடைக்கு முன்னாடியே வெச்சிடும். ‘அட் நோ எக்ஸ்ட்ரா காஸ்ட்’னா கூடுதல் செலவு இல்லாம. ‘அண்டர் நோ சர்க்கம்ஸ்டன்சஸ்’னா எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. ‘இன் நோ அன்சர்ட்டன் டெர்ம்ஸ்’னு ஒண்ணு இருக்கு, அதுல ரெண்டு எதிர்மறை. ஒளிவுமறைவு இல்லாம, அடிச்சுச் சொன்னார்னு அர்த்தம். ஒண்ணை விட்டுட்டு மத்ததை மட்டும் படிச்சா, தெளிவில்லாமப் பேசினார்னு தலைகீழா எடுத்துப்போம்.

இதைவிடக் குசும்பு ‘லிட்டில்’. ‘வித் லிட்டில் ஹோப்’னா நம்பிக்கை ஏறக்குறைய இல்லாம. ‘வித் எ லிட்டில் ஹோப்’னா கொஞ்சம் நம்பிக்கையோடு. நடுவுல இருக்கிறது ஒரே ஒரு ‘எ’. டாக்டர் சொன்னதை உறவுக்காரங்களுக்கு ஃபோனில் சொல்ற ஒருத்தர் அந்த ‘எ’வை விட்டா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

கோட் எழுதறவங்களுக்கு இது புதுசு இல்லை. அடைப்புக்குறிக்கு முன்னாடி ஒரு ஆச்சரியக்குறி இருந்தா உள்ளே இருக்கிறது மொத்தமும் தலைகீழ். ரிவ்யூ பண்றப்போ நான் முதல்ல தேடறதே அதைத்தான். மெயிலில் தேடலை. நம்ம பள்ளிக்கூடத்துல ‘நோ’வை ‘நாட்’ கூட சேர்த்து, வினைக்குப் பக்கத்துலதான் நடத்துவாங்க. அதனால வினைச்சொல்லைத் தாண்டினதும் எதிர்மறை முடிஞ்சுதுன்னு கண்ணு ஓய்வெடுத்துக்குது. இது என்னோட ஊகம்தான், ஆனா என் விஷயத்துல இதுதான் நடந்துச்சு.

அதனால நான் இப்போ பண்றது: ‘இன்’, ‘அட்’, ‘வித்’, ‘அண்டர்’ இப்படி எதைப் பார்த்தாலும் அடுத்த ஒரு வார்த்தையில் நின்னுட்டுத்தான் பெயரடைக்குப் போறேன். தமிழில் சொல்றப்போ அந்த ‘நோ’வைத் தூக்கிக் கடைசியில் ‘இல்லை’ன்னு வெச்சுடறேன். ‘இன் நோ டைம்’ மாதிரி சிலது அதுக்குள்ள அடங்காது. அது நேரமே இல்லைன்னு புலம்பறது இல்லை, நொடியில் முடிச்சார்ங்கிறது.

புடவை முடிஞ்சு ஃபோட்டோ அனுப்பினதும் அந்த அம்மா, இவ்வளவு சீக்கிரமான்னு ஆச்சரியப்பட்டு எழுதினாங்க. அப்போதான் பழைய மெயிலைத் திறந்து ஒழுங்காப் படிச்சேன். சித்தப்பா, “அவங்க மெயில்ல இல்லாத அவசரத்தை நீ எங்கேர்ந்துடா கொண்டுவந்தே?”ன்னார். நான் தறிக்கு நேர்ல போய்ச் சொன்னேன். அண்ணன் ஒண்ணும் பேசலை, நாடாவை எடுத்து வெச்சார். அக்காதான், “சரி விடு தம்பி, அடுத்த வருஷம் கருட சேவை எந்தத் தேதின்னு உன் ஃபோன்ல பார்த்துச் சொல்லு”ன்னு கேட்டாங்க. பார்த்துச் சொன்னேன். அந்த வாரம் தறிக்கு லீவுன்னு சித்தப்பாகிட்ட அப்பவே சொல்லி வெச்சாச்சு.

உங்களுக்கு இப்படி மாட்டின தொடர் ஏதாவது இருந்தா, முழு வாக்கியத்தோட எழுதி அனுப்புங்க. தொடரை மட்டும் அனுப்பாதீங்க, முன்னாடி பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாம நான் மறுபடியும் மாட்டிப்பேன்.