திரையில் ஒலிக்கும் குரல் யாருடையது?

விவரணப்படத்தைப் பார்ப்போர் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதையே ஆராய்கின்றனர். அதனோடு சேர்ந்து ஒலிக்கும் குரலை எவரும் விசாரிப்பதில்லை. காட்சி உண்மையாயின் கூற்றும் உண்மையே என எண்ணிவிடுகின்றனர். ஆயின், வானொலிக்குப் பழகிய செவியையுடைய நேயர்களுக்கு ஒரு கேள்வி இயல்பாகவே எழக்கூடும்: பேசுபவர் யார்? யார் பொருட்டுப் பேசுகிறார்? விவரணப்படக் கலையில் வழங்கும் பல்வேறு மரபுகளைப் பிரித்தறிய இக்கேள்வி பெரிதும் உதவும்.

இக்கலையின் முதற் பெரும் படைப்புகளுள் ஒன்றாகப் போற்றப்படும் ‘நனூக் ஒவ் த நோர்த்’ 1922இல் வெளிவந்தபோது, திரைப்படம் இன்னும் பேசத் தொடங்கவில்லை. கனடாவின் வடபுலத்து இனுயிட் மக்களிடையே றொபேட் பிளாகேட்டி அதனைப் பிடித்தார். பனிவீட்டினுள் கமராவுக்கு வெளிச்சம் போதாமையால், ஒருபுறம் திறந்த வீடொன்று கட்டப்பட்டது. துப்பாக்கிக்குப் பழகிவிட்ட வேட்டைக்காரர் முன்னோரின் ஈட்டியை ஏந்தினர். நனூக் என்பதும் கதாநாயகரின் உண்மைப் பெயரன்று. மறைந்துகொண்டிருந்த வாழ்க்கையொன்றைப் பதிந்துவைப்பதே நோக்கம் என்பர். நோக்கம் நன்றே, ஆனால் அரங்கில் அமர்ந்திருந்தவர்களுக்கு இவை சொல்லப்படவில்லை.

பின்னர் ஒலி வந்தது. உள்ளதை உள்ளவாறு காட்டினாற் போதாது, அதனைப் படைப்பாற்றலோடு கையாளுதல் வேண்டும் என்று விவரணப்படத்துக்கு இலக்கணம் வகுத்தவர் ஸ்கொத்லாந்தினரான ஜோன் கிறியர்சன். அவர் தயாரிப்பில் பசில் றைட் நெறிப்படுத்திய ‘சோங் ஒவ் சிலோன்’, அதாவது ‘இலங்கைக் கீதம்’, 1934இல் உருவாயிற்று. இலங்கைத் தேயிலையின் பிரசாரத்துக்கென எடுக்கப்பட்ட அப்படம், விளம்பரத்தின் எல்லையைக் கடந்து, 1935இல் பிறசெல்ஸ் நகரத் திரைப்பட விழாவில் முதற்பரிசு பெற்றது. நான்கு பகுதிகளைக் கொண்டது அது. இலங்கையிற் காட்சிகள் மட்டுமே பிடிக்கப்பட்டன. ஒலி பின்னர் இலண்டனிற் சேர்க்கப்பட்டது. இக்குறையே றைட்டுக்கு வாய்ப்பாகவும் அமைந்தது. ஒலியைக் காட்சியிலிருந்து பிரித்து, தனியொரு கருவியாக அவர் ஆண்டார். விளக்கவுரையைப் புதிதாக எழுதுவிக்காமல், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 19 ஆண்டுகள் தடுத்துவைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலின் பகுதிகளை எடுத்துக்கொண்டார். அவற்றை வாசித்தவர் கொழும்பைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் லயனல் வென்ட்.

மூன்றாம் பகுதிக்கு ‘வணிகத்தின் குரல்கள்’ என்று பெயர். யானை மரத்தை முட்டிச் சாய்க்கிறது, ஒருவர் தென்னையில் ஏறுகிறார், கொழுந்து பறிக்கப்படுகிறது. செவியிலோ சந்தை விலைகளும், கப்பற் செய்திகளும், வணிகக் கடித வாசகங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. காட்சியை ஒலி விளக்கவில்லை, அதனோடு மோதுகிறது. எவரும் உபதேசம் செய்யாமலே, அக்கொழுந்தின் விதி எங்கே தீர்மானிக்கப்படுகிறது என்பது புலனாகிவிடுகிறது. தேயிலைச் சபையின் பணத்தைக் கொண்டே இதனைச் சாதித்தது றைட்டின் சாமர்த்தியம் எனலாம்.

எனினும், இத்துணை ஒலிகளுக்கிடையே ஒரு மௌனமும் உண்டு. அக்காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்களிற் கொழுந்து பறித்தோர் மிகப் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அவர்தம் கைகள் திரையிலே தெரிகின்றன, குரல் கேட்கவில்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் பேசுகிறார். அவர் காலத்தில் இத்தோட்டங்களே இருந்ததில்லை! இலண்டன் சந்தை பேசுகிறது. நாட்சம்பளம் என்ன, லயத்து அறையில் எத்தனை பேர், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்பவற்றை அப்பெண்களின் வாயாற் கேட்க, அந்த அழகிய அமைப்பில் இடம் வைக்கப்படவில்லை.

ஒலிப்பதிவுக் கருவிகள் அக்காலத்திற் கனமானவை என்று சமாதானம் கூறுவர். அது முழுச் சமாதானம் ஆகாது. 1935இலேயே எட்கார் ஆன்ஸ்ரியும் ஆதர் எல்டனும் ‘ஹவுசிங் புறொப்ளம்ஸ்’ என்ற படத்துக்காக அத்தகைய கனத்த கருவிகளை இலண்டன் சேரி வீடுகளுக்குட் கொண்டுசென்றனர். அங்கு வாழ்ந்தோர் கமராவை நேரே நோக்கி, எலித் தொல்லையையும் இடிந்த சுவரையும் பற்றித் தம் சொந்தப் பேச்சிலேயே கூறினர். பணம் கொடுத்தது எரிவாயுத் தொழிற்றுறை. புதிய வீடுகள் எழுந்தால் எரிவாயு அடுப்புகளும் விலைப்படுமல்லவா? கொடுத்தவர் நோக்கம் எதுவாயினும், பேசியவர் குரல் அவருடையதே. இன்று தொலைக்காட்சியில் நாள்தோறும் காணும் பேட்டி முறைக்கு இது ஒரு முன்னோடி.

1960ஆம் ஆண்டளவில், தோளில் ஏந்தக்கூடிய கமராவும் அதனோடு ஒத்தியங்கும் சிறிய ஒலிப்பதிவுக் கருவியும் கைக்கு வந்தன. அமெரிக்காவில் றொபேட் ட்றூவின் குழு, விஸ்கொன்சின் மாநிலத்தில் கெனடியும் ஹம்ப்றியும் மோதிய தேர்தலை ‘பிறைமறி’ என்ற படமாக்கியது. கேள்வி கேளாது, குறுக்கிடாது, பின்தொடர்ந்து பார்த்தலே அக்குழுவின் விதி. விளக்கவுரையைக் குறைத்தால் படைப்பாளியின் தலையீடும் குறைந்துவிடும் என்று இம்மரபினர் நம்பினர். அது மிகையான நம்பிக்கை. மணிக்கணக்காகப் பிடித்த படச்சுருளில் எதை வைப்பது, எதை வெட்டுவது என்று தீர்மானிப்பதும் ஒருவகைப் பேச்சே.

பிரான்சின் ஷோன் றூஷ், எட்கார் மொறான் ஆகிய இருவரும் தம்மை மறைத்துக்கொள்ளவே இல்லை. 1961இல் வெளிவந்த அவர்களது படத்தில், பரிஸ் நகரத் தெருக்களிற் செல்வோர் மகிழ்ச்சியாக இருக்கின்றனரா என்று நேராகவே கேட்கப்படுகின்றனர். இறுதியில், பங்குகொண்டோருக்கே படத்தைப் போட்டுக்காட்டி, அவர்கள் கூறிய அபிப்பிராயங்களையும் அதிலேயே சேர்த்தனர். சிலர் அதனைச் செயற்கை என்றனர். வேறு சிலர் அந்தரங்கம் அளவுமீறி வெளிப்பட்டது என்றனர். அக்கண்டனங்களை வெட்டியெறியும் உரிமை இருந்தும், இருவரும் அவற்றை விட்டுவைத்தனர். ‘சோங் ஒவ் சிலோன்’ படத்தையும் அவ்வாறே ஒரு தோட்டத்து லயத்தின் முன்னே திரைகட்டிக் காட்டி, கொழுந்து பறித்தோர் கூறுவதைப் பதிந்திருந்தால், அப்படத்துக்கு ஐந்தாம் பகுதி ஒன்றும் கிடைத்திருக்கும்.