திறவாத கோப்பும் தெரியாத தமிழும்

(தனித்தமிழ் அன்பர்கள் கூடிய அவையில் ஆற்றிய உரை)



கணிப்பொறியில் ஒரு கோப்பைத் திறவாமலே அதன் உள்ளீட்டைக் காணும் ஏந்து ஒன்று உண்டு. அதனை நம்மவருள் பலர் 'ப்ரிவியூ' என்று எழுதுகின்றனர். மெய்யெழுத்து மொழிக்கு முதலாகாது என்பதைத் தொல்காப்பியம் தொட்டவர் எவரும் அறிவர். 'முன்னோட்டம்' என்னும் நற்றமிழ்ச்சொல் நம் கையில் இருக்க, இந்தக் கடன் நமக்கு எதற்கு?

ஆயினும், நான் இன்று பேச வந்தது அதன் பெயரைப் பற்றியன்று. அந்த முன்னோட்டம் நமக்குக் காட்டித்தரும் ஒரு பெருங்கேட்டைப் பற்றியே.

விண்டோசு இயங்கும் கணிப்பொறியில் ஆல்ட்டு விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தினால் கோப்புறையின் வலப்புறம் முன்னோட்டப் பலகம் ஒன்று தோன்றும். மாக்கு கணிப்பொறியிலோ, கோப்பைத் தெரிந்துகொண்டு இடைவெளி விசையைத் தட்டினாற் போதும். இவ்வேந்து அதில் 2007-ஆம் ஆண்டு வந்தது. நூறு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் தொல்லையின்றி, வேண்டியதைச் சிறிது நேரத்தில் கண்டெடுக்கலாம். திருத்தும் செயலி திறக்கப்படாமையால், கை தவறி ஓரெழுத்தை அழித்துவிடுவோமோ என்னும் அச்சமும் இல்லை.

இனி, நீங்கள் இல்லம் சென்றதும் ஒன்று செய்யுங்கள். 1990-களிலும் அதன் பின்னரும் நீங்கள் தட்டச்சிட்டு வைத்த கட்டுரைகளையும் மலர்களையும் முன்னோட்டத்தில் பாருங்கள். பலவற்றில் தமிழ் இராது! பொருளற்ற ஆங்கில எழுத்துகளும் புள்ளிகளும் கோடுகளுமே வரிவரியாய் நிற்கும். கோப்புப் பழுதுற்றதோ எனக் கலங்குவீர்கள். கோப்புப் பழுதுறவில்லை, அதனுள் தமிழ் என்றுமே இருந்ததில்லை என்பதே உண்மை!

இதன் கரணியத்தைக் கேளுங்கள். கணிப்பொறி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று நாம் அடித்தபோது, உள்ளே பதிவானவை 106, 107, 112, 111, 59 என்னும் ஐந்து எண்கள். இவை சே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளுக்கும் ஓர் அரைப்புள்ளிக்கும் உரியவை. ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் வடிவத்தைப் போர்த்திக் காட்டியது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் போர்வை விலகுகிறது. உள்ளே இருப்பது வெளிப்படுகிறது. எழுத்துருவின் பெயரைத் தாங்காத வெற்றுரைக் கோப்பிலோ, அவ்வெழுத்துரு இருந்தும் முன்னோட்டத்தில் தமிழ் தெரிவதில்லை.

ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எண்முறையை வகுத்துக்கொண்டமையால் தமிழ் பலவாறு சிதறியது. அதனை ஒழுங்குபடுத்தவே 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி, 'டாம்', 'டாபு' என்னும் இரு குறியேற்றங்களைத் தமிழக அரசு ஏற்றது. பின்னர் 2010-இல் ஒருங்குறியையும் 'டேசு 16' என்னும் முறையையும் ஏற்றது. ஒருங்குறியிலோ 1991-ஆம் ஆண்டு முதலே தமிழுக்குத் தனியிடம் உண்டு. அதில் 'தமிழ்' என்பது 2980, 2990, 3007, 2996, 3021 என்னும் ஐந்து எண்கள். அவை தமிழுக்கே உரியவை. பிற எம்மொழிக்கும் உரியவையல்ல. ஒருங்குறித் தமிழுக்கு ஒதுக்கிய இடம் போதாது என்னும் குறைபாடு நம் அறிஞரிடையே உண்டு. அது தனியே வாதிடத் தக்கது. ஆனால், பிறமொழி எண்ணுக்குள் ஒளிந்து வாழ்வதினும் தன் எண்ணில் தமிழ் நிற்பது மேலன்றோ?

இன்னுமொன்றையும் எச்சரிக்கின்றேன். முன்னோட்டம் ஏமாற்றவும் கூடும். எழுத்துருவை உட்பொதிந்த பிடிஎப் கோப்புகள் முன்னோட்டத்தில் அழகிய தமிழாகவே தோன்றும். கண்டு மகிழாதீர்கள்! கோப்பைத் திறந்து, கண்முன் தெரியும் ஒரு சொல்லையே தேடுங்கள். அகப்படவில்லையாயின், நீங்கள் காண்பது தமிழின் சாயலேயன்றித் தமிழன்று. மனிதக் கண்ணுக்குத் தமிழ். தேடும் பொறிக்கோ அது வெறும் படம் அல்லது பொருளற்ற குறிகள். நாளை உலகம் தேடும்போது அந்நூல் இல்லாததற்கே ஒப்பாகும்.

ஆகவே, செய்ய வேண்டுவன மூன்று. முதலாவது, பழைய கோப்புகளை முன்னோட்டத்தில் பார்த்து, தமிழ் தெரியாதவற்றைத் தனிக் கோப்புறையில் சேருங்கள். இரண்டாவது, எந்த எழுத்துருவில் அடித்தீர்களோ அதனையும் அவற்றோடு வையுங்கள். அது தொலைந்தால் திறவுகோல் தொலைந்தது போலாம். மூன்றாவது, மூலத்தைத் தொடாமல் ஒரு படி எடுத்து, 'பொங்குதமிழ்' போன்ற மாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்கு மாற்றுங்கள். இடையே ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழெழுத்தாக்கிக் குழப்பும். ஆகவே வரிவரியாய் மெய்ப்புப் பாருங்கள்.

நம் முன்னோர் ஏட்டில் எழுதி வைத்ததைக் கரையான் தின்றது. அவர்கள் மேல் குற்றமில்லை. படியெடுத்துப் படியெடுத்துக் காத்தவற்றையே நாம் இன்று படிக்கின்றோம். நாமோ, கரையான் தீண்டாத கருவியில் எழுதியும், நம் காலத்திலேயே நம் எழுத்தைப் படிக்க இயலாமல் நிற்கின்றோம்! இது நம் சோம்பலாலன்றி வேறெதனால்?

பெயரில் மட்டும் தமிழ் இருந்தாற் போதாது. தோற்றத்தில் மட்டும் இருந்தாலும் போதாது. உள்ளே, எண்ணளவிலும் தமிழ் இருத்தல் வேண்டும். இன்றிரவே ஒரு கோப்புறையைப் பாருங்கள். ஒரு கோப்பையேனும் மீட்டுவிட்டு உறங்குங்கள்.

வாழ்க தமிழ்!