அந்த நீரை ஏன் ஊசியால் எடுப்பதில்லை?



புகைப்படத்தில் குழந்தையின் கருமணி வெள்ளையாகப் பளபளத்தால் உடனே கொண்டுவந்து காட்டுங்கள் என்று கண் வைத்தியர்களாகிய நாங்கள் போகுமிடமெல்லாம் சொல்லி வருகிறோம். பெரும்பாலும் 5 வயதுக்குள் வரும் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற விழித்திரைப் புற்றுநோயின் அடையாளம் அதுவாக இருக்கலாம். இன்று அதற்குப் பிறகு நடப்பதைப் பேசுவோம்.

சிகிச்சை தொடங்கியபின் சில பெற்றோரிடம், "கட்டி சுருங்குகிறது, ஆனால் விழித்திரை கழன்றிருக்கிறது" என்று சொல்ல நேர்கிறது. முதற்பாதி அவர்கள் காதில் ஏறுவதே இல்லை. "பெரியப்பாவுக்கும் இப்படித்தான் வந்தது. அடுத்த நாளே ஒப்பரேஷன் செய்தார்களே டொக்டர், பிள்ளைக்கு ஏன் செய்யவில்லை?" நியாயமான கேள்விதான்.

விழித்திரை கண்ணின் பின்சுவரில் பசை பூசி ஒட்டியதல்ல. அடியிலுள்ள கலப்படை ஈரத்தை ஓயாமல் உறிஞ்சிக்கொண்டிருப்பதும் அது படிந்து நிற்க ஒரு காரணம். பெரியப்பாவுக்கு விழித்திரை கிழிந்து, கண்ணுக்குள் இருந்த நீர் கிழிசல் வழியே அடியில் புகுந்தது. அதை அடைத்தே ஆகவேண்டும். பிள்ளைக்குப் பெரும்பாலும் கிழிசலே இல்லை. கட்டியை உறையவைத்தோ மருந்து கொடுத்தோ அழிக்கும்போது இரத்தக் குழாய்கள் கசிந்து, அந்த நீர் விழித்திரையைத் தூக்கிவிடுகிறது. கட்டி அடங்க, பல பிள்ளைகளில் அது தானாகவே வற்றிவிடும்.

அதுவரை காத்திராமல் ஊசியால் எடுத்துவிடலாமே என்பார்கள். அங்கேதான் நாங்கள் மறுக்கிறோம். துளையிட்டால், உயிருள்ள புற்றுக்கலங்கள் அந்த வழியே கண்குழிக்குள் வந்துவிடலாம். பிறகு ஆபத்து உயிருக்கு. சிலவேளை, உறையவைத்த இடம் மெலிந்து உண்மையாகவே கிழியும். அப்போதும் முடிந்தவரை உள்ளே நுழையாமல், வெளிப்புறத்தில் சிலிக்கோன் பட்டி தைத்துச் சரிசெய்யப் பார்ப்போம். முதலில் உயிர், பிறகு கண், அதன்பின் பார்வை என்பதுதான் எங்கள் வரிசை.

பெற்றோருக்கு இது கல்நெஞ்சாகத் தெரியும். வேறிடத்தில் கேட்டுப் பார்க்கவும் மனம் போகும். போகலாம், ஆனால் பிள்ளைக்குக் கட்டி இருந்ததை அங்கே மறைக்கக் கூடாது.

நடுவிழித்திரை நீண்ட நாள் கழன்றிருந்தால், நீர் வற்றினாலும் பார்வை முழுமையாகத் திரும்பாது. நல்ல கண்ணைத் தினமும் சிறிது நேரம் மூடி மற்றதைப் பழக்குகிறோம். முழுவதும் கழன்று, பார்வையும் போய், கட்டியும் அடங்காவிட்டால் கண்ணையே எடுக்கவேண்டி வரும். அன்றும் மற்றக் கண்ணை ஒருமுறை நன்றாகப் பரிசோதித்த பிறகே தியேட்டரை விட்டு வெளியே வருவோம்.